ஜோடி மாறிய செருப்புகள்

லைப்ட்ஸிக்கில் நான் குடியிருக்கும் தெருமுனையில் ஒரு ரொட்டிக்கடை இருக்கிறது. மூன்று வருடமாகக் காலையில் அங்கேதான் ரொட்டி வாங்குகிறேன். மூன்று வருடமாக அந்தக் கடைக்காரம்மாவிடம் தினமும் ஒரு முறை மன்னிப்பும் கேட்டுவருகிறேன். காசை நீட்டும்போது என் வாய் தானாக "எண்ட்ஷுல்டிகுங்" என்று சொல்லிவிடும். ஜெர்மன் மொழியில் நான் கற்றுக்கொண்ட முதல் பெரிய சொல் அது. எதற்காக மன்னிப்பு என்று அந்த அம்மாவுக்குப் புரிந்ததே இல்லை. போன குளிர்காலத்தில் ஒருநாள் கடையில் கூட்டமில்லை. கல்லாவை விட்டு வெளியே வந்தார். நெஞ்சோடு மடங்கிக் கிடக்கும் என் வலது கையைப் பார்த்துக்கொண்டே, "உன் உடம்பு இப்படி இருப்பதற்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, நிமிர்ந்து நட" என்று கண்கலங்கச் சொன்னார். ஓர் இனிப்பு பன்னையும் கையில் வைத்தார். அதையும் இடது கையால் வாங்கி, இன்னொரு மன்னிப்பைச் சொல்லிவிட்டு வந்தேன்.

என் வலது கைக்காக நான் வெட்கப்பட்டதில்லை. இடது கையால் கொடுத்ததற்காகத்தான் மன்னிப்பு. இதை எங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லைப்ட்ஸிக்கில் இதை விளக்க என் ஜெர்மன் போதாது, போதுமானாலும் அவர்களுக்கு ஏறாது. இங்கே இடது கை வெறும் இடது கை. நம் ஊரில் அதற்குப் பீச்சாங்கை என்று பெயர், அதற்கென்று ஒரு வேலை, அந்த வேலையைத் தாண்டி அது மனிதர்கள் முன்னால் நீளக்கூடாது. எனக்கோ பிறந்ததிலிருந்தே வலது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்காது. அம்மன் கோயிலில் பொங்கல் வாங்கக் கையை நீட்டினால் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். "சோத்துக்கைய நீட்டு பாப்பா" என்பார்கள். என் சோத்துக்கை இதுதான் என்று அந்த வயதில் எப்படிச் சொல்வது? நைனா பின்னாலிருந்து கையை நீட்டி எனக்கும் சேர்த்து வாங்கிக்கொள்வார்.

நைனாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். என் உடம்புக்கு என்ன பெயர் என்று அவர்களுக்கு ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார், ஹெமிப்ளீஜியா. அந்தப் பெயர் வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே தொலைந்துபோனது. ஊரில் இதற்குப் பக்கவாதம் என்பார்கள். ஆனால் பக்கவாதம் என்றால் தாத்தாக்களுக்கு வருவது. அதனால் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும், "இந்த வயசுலயேவா?" என்றுதான் ஆரம்பித்தார்கள். என்னைப் போல என் வயதில் இன்னொருத்தி இருக்கக்கூடும் என்று எனக்கே தோன்றியதில்லை. பதினான்கு வயதுவரை உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு செருப்புக்கடை.

ஒன்பதாம் வகுப்பு. வலது கால் செருப்பு நடக்க நடக்கக் கழன்று பின்னால் தங்கிவிடும். நான் நாலடி போய்த் திரும்பி வந்து அதை மாட்டிக்கொண்டு போவேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை நடந்த தூரமாகிவிடும். அம்மா என்னை உத்திரமேரூர் பஜாரில் ஒரு பாய் நடத்திய செருப்புக்கடைக்குக் கூட்டிப்போனார். வாசலிலிருந்து பெஞ்சுவரை நான் நடந்து வருவதைப் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக எல்லாரும் கேட்கும் கேள்விக்கு, "பொறந்ததுலேந்தே இப்படித்தான்" என்ற பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"எந்தக் காலுமா சின்னது?" என்றார்.

என் கால்கள் ஒன்றுக்கொன்று சின்னது பெரியது என்பது அதுவரை அம்மாவுக்கே தெரியாது. வலது கால் நான்காம் நம்பர், இடது கால் ஐந்து. பாய் அளந்து பார்த்துவிட்டு மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "நஸ்ரீன், அந்தக் கோணிப்பைய எட்துக்கினு வா." ஒரு பெண் கோணிப்பையை வலது கையால் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, இறங்கி வந்தாள். இடது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது எனக்கு. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் வெட்கமே இல்லாமல் மேலும் கீழும் பார்த்துக்கொண்டோம்.

அந்தக் கோணியில் இருந்தவை ஜோடி இல்லாத செருப்புகள். நஸ்ரீனுக்கு வலது கால் ஐந்து, இடது கால் நான்கு. மகளுக்காக ஒவ்வொரு முறையும் பாய் இரண்டு ஜோடியைப் பிரித்திருக்கிறார். மிச்சமான இடது ஐந்தையும் வலது நான்கையும் விற்கவும் முடியாமல், எறியவும் மனம் வராமல் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்திருக்கிறார். அந்த மிச்சம்தான் அப்படியே என் அளவு. பாய் ஒன்றை எடுத்து, பின்னால் எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்து, என் காலில் மாட்டினார். கடையைச் சுற்றி மூன்று முறை நடந்தேன். கழலவில்லை. அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நஸ்ரீன் மட்டும், "அந்த மெரூன் கலர் எனக்குப் புடிக்கவே இல்ல, அத்தாதான் வாங்கினாரு. நீயே வச்சுக்கோ" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அதன்பிறகு எங்களுக்குச் செருப்பு வாங்குவது என்றால் இரண்டு ஜோடி வாங்கி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வது. ஒரே மாடல், ஒரே நிறத்துக்கு இருவரும் ஒத்துவர வேண்டும். அதற்காக நாங்கள் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. பள்ளி விட்டதும் அந்தக் கடை மாடியில்தான் கிடப்பேன். சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் எனக்குச் சொல்லவில்லை. இருவருமே தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தோம். ஒருநாள் பீச்சாங்கை விஷயமாக நான் புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னதை இன்றுவரை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை. "நீ நாலு பேரு எதிர்ல திட்டு வாங்கற. எனக்கு வரது சோத்துக்கைதான், அதனால யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா எல்லாத்துக்கும் எனக்கும் ஒரே கைதானடி கீது? சாப்ட ஒக்கார்றதுக்கு முன்ன மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவறேன். அப்பவும் மனசு ஒப்ப மாட்டேங்குது. உன் கஷ்டம் ஊருக்கே தெரியும், என்து எனக்கு மட்டுந்தான் தெரியும்." அன்றைக்கு அந்த மாடியில் நாங்கள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

நான் காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்து, மேற்படிப்புக்கு லைப்ட்ஸிக் வந்து, இங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டேன். வந்த ஆறாம் மாதம், மருத்துவமனைச் சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்து ஒரு குழுவுக்குப் போனேன். ஹெமிப்ளீஜியா உள்ள இளைஞர்களின் ஸெல்ப்ஸ்ட்ஹில்ஃபெக்ருப்பே. பெயரை உச்சரித்து முடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிடும். சுய உதவிக் குழு என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்கயுமா குழு? யாரு தலைவி?" என்று கேட்டார். தலைவி என்று யாருமில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து காபி குடிப்பார்கள், பேசுவார்கள். முதல் நாள் நான் வாயே திறக்கவில்லை. அறையில் வெப்பம், களைப்பு. ஒரு கொட்டாவி வந்தது. எங்களுக்குக் கொட்டாவி வந்தால் வராத கை தானாக மேலே எழும்பும். காலம் முழுக்க அதை மறைக்கப் பார்த்தவள் நான். அன்றும் கை எழும்பியது. எதிரில் இருந்த காத்ரின் என்ற பெண்ணுக்கு என் கொட்டாவி தொற்றியது. அவள் கையும் எழும்பியது. பிறகு அவளுக்கு அடுத்தவன் கை, அதற்கு அடுத்தவள் கை. சற்று நேரத்தில் வாக்கெடுப்பு நடப்பதுபோல அறையே கை தூக்கிக்கொண்டு சிரித்தது. அவர்களை எனக்குப் பிடித்துப்போனது. மலையேறுகிறவர்கள், பிள்ளை பெற்று ஒரு கையால் டயப்பர் மாற்றுகிறவர்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதவர்கள்.

ஆனால் அவர்களுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. போன தை மாதம் என் தம்பி தினேஷுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் திருமுக்கூடல், பெயர் சங்கீதா. செய்தி வந்த அன்று முதல் எனக்கு ஒரே கவலை. தாலியில் மாப்பிள்ளை போடுவது முதல் முடிச்சு மட்டும்தான். மற்ற இரண்டையும் போட வேண்டியவள் நாத்தனார். அவனுக்கு நான் ஒரே அக்கா. அந்த முடிச்சை நான்தான் போட வேண்டும் என்று எனக்கு ஆசை, ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. ஒரு கையால் எப்படி? குழுவில் கேட்டேன். ஒற்றைக் கையால் ஷூ லேஸ் கட்டும் வித்தையைக் காத்ரின் செய்து காட்டினாள். லேஸின் ஒரு முனையை ஷூவின் ஓட்டை பிடித்துக்கொள்கிறது, மணப்பெண்ணின் கழுத்தில் ஓட்டை ஏது? அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, ரொம்பவும் அக்கறையாக, "அந்தக் கயிற்றில் வெல்க்ரோ ஒட்டித் தரலாமே?" என்றாள். தாலிக்கு வெல்க்ரோ! நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. அன்றிரவு நான் நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். "எட்டு நாள் முன்னாடியே வந்துடு" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து இறங்கியதுமே நைனாவின் தங்கை, என் அத்தை, விஷயத்தைத் தொடங்கிவிட்டார். "பீச்சாங்கையால தாலி முடிச்சா? பொண்ணு வூட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க? ஒங்க பெரியப்பா பொண்ணும் அவனுக்கு அக்கா மொறதான, அவ போடட்டும்." கெட்ட மனுஷி இல்லை. சின்ன வயதில் என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர்தான். அதனால்தான் அதிகமாக வலித்தது. அம்மா எனக்கும் சொல்ல முடியாமல் அத்தைக்கும் சொல்ல முடியாமல், "மேடையில நழுவிட்டா அபசகுனமாயிடுமேடி" என்றார். தம்பி மட்டும், "அக்கா போடலன்னா மூணையும் நானே போட்டுக்கறேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ஆனால் அம்மாவின் பயம் எனக்கும் இருந்தது. எல்லார் கண் முன்னாலும் அந்தக் கயிறு நழுவினால் அது என்னோடு நிற்காது, வரப்போகும் பெண்ணின் தலையில்தான் விடியும்.

நஸ்ரீன்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறாள். பாய் கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையடைத்த பிறகு மாடியில் ஆறு பேர் கூடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரு பக்கம் வராது, எல்லாரும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். அத்தனை பேரையும் அவள் செருப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். வராத காலை இழுத்து நடப்பதால் அந்தச் செருப்பின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்து காகிதமாகிவிடும். கல்யாண மண்டபமோ தர்காவோ, வாசலில் கிடக்கும் செருப்பு வரிசையை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அதன் பக்கத்திலேயே நின்றுவிடுவாள். புள்ளலூரிலிருந்து வரும் காலேஜ் மாணவியை அப்படித்தான் பிடித்திருக்கிறாள். "ஒன்ற மணி நேரம் நின்னேன். மண்டபத்து வாட்ச்மேன் என்ன செருப்புத் திருடின்னு நெனச்சிக்கினு சுத்தி சுத்தி வந்தான். ஒரே பேஜாரு" என்றாள். சொந்தக்காரி வெளியே வந்து செருப்பை மாட்டும்போது இவள் கேட்டது, அவள் அத்தா என்னைக் கேட்ட அதே கேள்வி. லைப்ட்ஸிக்கில் சுவரில் அறிவிப்பு ஒட்டி ஆள் சேர்க்கிறார்கள். இங்கே ஒருத்தி வெயிலில் நின்று சேர்த்திருக்கிறாள். அவளை நினைத்து எனக்கு ஏற்பட்ட பெருமையை எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை.

எட்டு நாளும் அந்த மாடியில் ஒத்திகை. மணப்பெண் கழுத்துக்குப் பதிலாக இருபது லிட்டர் தண்ணீர் கேனின் கழுத்து. நஸ்ரீன் மஞ்சள் கயிறு வாங்கிவைத்திருந்தாள். ஒரு கையால் எப்படி முயன்றாலும் மறுமுனை வழுக்கிக்கொண்டே போனது. பல்லால் கடிக்கலாம் என்றாள் புள்ளலூர்ப் பெண், மேடையில் பெண்ணின் பிடரியைக் கடித்தால் நன்றாக இருக்காது என்றேன். மூன்றாம் நாள் நஸ்ரீன் என் வலது கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் எப்போதும்போல இறுகி மூடியிருந்தன.

"இத ஏண்டி சும்மா வச்சிக்கினுகீற?" என்றாள். "தொறக்கத்தான வராது, புடிக்க வரும்ல? பூட்டு மாரி கீது. கயித்த இதுக்குள்ள குடு."

அவளே தன் வலது கையால் என் விரல்களைப் பிரித்து, கயிற்றின் ஒரு முனையை உள்ளே வைத்து, விட்டாள். விரல்கள் சட்டென்று மூடிக்கொண்டன. இழுத்துப் பார்த்தாள், கயிறு அசையவில்லை. இருபத்தேழு வருடமாக எதற்கும் உதவாது என்று நான் சட்டைக்குள் ஒளித்துவைத்திருந்த கை, கேனே சாயும்படி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. இடது கையால் மறுமுனையைச் சுற்றி, நுழைத்து, இழுத்தேன். முடிச்சு விழுந்தது. அந்தத் தண்ணீர் கேனுக்கு அதன்பிறகு எத்தனை முறை தாலி கட்டினோம் என்று கணக்கே இல்லை.

கல்யாணம் காலை ஆறு மணி முகூர்த்தம். தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டு விலகினான். நான் சங்கீதாவின் பின்னால் போய் நின்றேன். என் வலது கை நெஞ்சருகே மடங்கி நிற்பதால், முக்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பிடரி சரியாக அந்த உயரத்துக்கு வந்தது. இடது கையால் விரல்களைப் பிரித்துக் கயிற்றை உள்ளே வைத்தேன். அத்தை மேடைக்குக் கீழே அட்சதையோடு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது முடிச்சு விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. அவ்வளவுதான், இனி விட்டுவிட்டு நகர வேண்டியதுதான். கை விடவில்லை.

எட்டு நாள் ஒத்திகையில் எல்லாவற்றையும் யோசித்த நாங்கள் கெட்டிமேளத்தை மறந்துவிட்டோம். எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய சத்தம் கேட்டால் உடம்பு துள்ளும், வராத பக்கம் இன்னும் இறுகும். இது ஊரில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், எங்கள் இருவருக்குமா தெரியாது? அந்த மாடியில் ஃபேன் சத்தம் மட்டுமே இருந்ததால் தோன்றவே இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் தவில் இடித்தது. கை இரும்பாகிவிட்டது. இழுத்தால் தாலியும் கூடவே வரும். அட்சதை விழுகிறது, போட்டோக்காரர் நகரச் சொல்கிறார், சங்கீதா தலையைத் திருப்பாமல், "அண்ணி, இன்னும் முடியலையா?" என்று மெதுவாகக் கேட்கிறாள்.  அம்மா சொன்ன அபசகுனம் இதுதானோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

முன்வரிசையில் நஸ்ரீன் எழுந்து நின்றாள். எல்லார் பார்வையும் மாப்பிள்ளை பெண் மேல் இருந்தது, அவள் பார்வை மட்டும் என் மேல் இருந்தது. தன்னுடைய மடங்கிய இடது கையை உயர்த்தி, வலது கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே வளைத்துக் காட்டினாள். மணிக்கட்டை உள்பக்கமாக வளைத்தால் விரல்கள் தாமாகத் தளரும். சின்ன வயதில் கைக்குள் மாட்டிய மிட்டாயை இப்படித்தான் விடுவித்துக்கொண்டிருந்தோம், அவள் அவள் வீட்டில், நான் என் வீட்டில். நான் இடது கையால் என் மணிக்கட்டை அழுத்தினேன். ஒவ்வொரு விரலாகத் திறந்தது. கயிறு சங்கீதாவின் கழுத்தில் பத்திரமாக விழுந்து நின்றது.

கீழே இறங்கும்போது அத்தை பக்கத்திலிருந்த சம்பந்தியம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எம்மா நேரம் புடிச்சிக்கினு நின்னா பாத்தியா? தம்பி பொண்டாட்டிய மனசார வாழ்த்தினுகீறா. வலது கையாலதான் புடிச்சா, நானே பாத்தேன்." நான் நஸ்ரீனைப் பார்த்தேன். அவள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதேன். அத்தை அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடையில் இரண்டு ஜோடி எடுத்துப் பிரித்தோம். இந்த முறை அவள் ஆசைப்படி கறுப்பு. பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டுக்கும் பின்பட்டை தைத்துக் கொடுத்தார். லைப்ட்ஸிக்கில் எனக்கு அளவெடுத்து ஷூ செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வலதும் இடதும் எனக்கென்றே தனித்தனியாக, கணுக்காலைத் தாங்கிப்பிடிக்க உள்ளே வைக்கும் ஷீனே என்ற பட்டையோடு. நல்ல விஷயம்தான், பனியில் நடக்க அது வேண்டும். ஆனால் அந்த ஷூவில் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. இதை நஸ்ரீனிடம் சொன்னேன். "பனிக்கு அதப் போட்டுக்கோ. வெயில் வந்தா இதப் போட்டுக்கோ. இல்லன்னா என் கோணிப்பை திரும்ப ரொம்பிடும்" என்றாள்.

இந்தக் கோடையில் ஒருநாள் காத்ரின் என் வீட்டுக்கு வந்தாள். வாசலில் கழற்றிவைத்திருந்த கறுப்புச் செருப்புகளைக் குனிந்து பார்த்தாள். அவளும் எங்களில் ஒருத்தி அல்லவா, உடனே கண்டுபிடித்துவிட்டாள். இது ஒரு ஜோடியில் பாதி, அது இன்னொரு ஜோடியில் பாதி. "மற்ற இரண்டும் எங்கே?" என்று கேட்டாள்.

"உத்திரமேரூரில்."

"ஐயோ, தொலைந்துவிட்டனவா?"

"இல்லை," என்றேன். "நடந்துகொண்டிருக்கின்றன."